உள்ளங்கைச் சீனி

கிளிநொச்சியில் நடந்த நாவல் வெளியீட்டில் தந்த தேத்தண்ணியில் அத்தனை சீனி. ஒரு வாய் குடித்ததுமே முரசுமோட்டையில் எங்கள் பழைய குசினி நினைவுக்கு வந்துவிட்டது.

போர்க்காலத்தில் சீனி கிடைப்பது அரிது. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கியபடி வெறுந்தேத்தண்ணி குடிப்போம். களத்தில் அண்ணா செத்துப்போனான் என்று சொல்ல வந்த அவனுடைய தோழனின் கையிலும் அம்மா சீனி வைத்தார். அவன் நக்கவில்லை.

"அவன் சரியாப் பயந்திட்டான் அம்மா. உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதவன்."

சீனி அவன் கையிலேயே கரைந்து ஒழுகியது. என்னையும் இயக்கத்துக்குப் பிடித்துப்போவார்கள் என்று நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா அவன் காலைப் பிடித்திருந்தார்.

"தம்பி, என்ர மகளையெண்டாலும் விடச் சொல்லுங்கோ."

அந்தத் தோழன்தான் இன்றைய நாவலாசிரியர். நாவலில் அண்ணா சிரித்தபடி சாகிறான். அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், "மகளையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்கிறார். மேடையில் அதை வாசித்தபோது சபை எழுந்து கைதட்டியது.

கையெழுத்து வாங்கப் போய்க் கேட்டேன்: "அம்மா உங்கட காலைப் பிடிச்சு அழுதவா. அதை ஏன் எழுதேல்லை?"

"அதை ஆர் தங்கச்சி வாசிப்பினம்?" என்றவர், சீனி கரைந்த அந்தக் கையை அடுத்தவரின் பிரதிக்காக நீட்டினார்.