செல்வத்தின் மலை சைக்கிளும் தீர்ந்துபோன பேட்டரியும்

செல்வத்தின் சாவு வீட்டில் நான் பஞ்சு வைத்த டவுசரோடு நின்றேன்.

நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நேற்று வந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். மலை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் டவுசர் அது... உட்காரும் இடத்தில் மெத்தை மாதிரி வைத்துத் தைத்திருக்கும். ஆம்புலன்ஸிலிருந்து நேராக இறங்கியதால் மாற்ற நேரமில்லை. யாரோ இரக்கப்பட்டு ஒரு துண்டு கொடுத்தார்கள். என் சுற்றளவுக்கு அது பத்தவில்லை.

ஆமாம், செல்வம் போய்விட்டான். பைபாஸில் டிராக்டர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருந்த அதே செல்வம். நேற்றுக் காலை, பச்சமலை ஏற்றத்தில், மாரடைப்பு. சாயங்காலமே எடுத்துவிட்டோம்.

தஞ்சாவூர்க்காரனுக்கு மலை எதற்கு என்று தயவுசெய்து கமெண்டில் கேட்காதீர்கள். கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

செல்வத்துக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு வந்த கிறுக்கு அது. எவனோ ஒருவன் கல்லும் வேருமான மலைப்பாதையில் எலக்ட்ரிக் சைக்கிளில் ஏறுவதை ஃபோனில் பார்த்திருக்கிறான். நாம் மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும், நெஞ்சுக்குப் பாதி வேலைதான். கொஞ்ச நாளில் ஒரே மாடலில் இரண்டு சைக்கிள் வந்து இறங்கின. ஒன்று அவனுக்கு. இன்னொன்றை என் தலையில் கட்டினான்.

எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். பயிற்சி அங்கேதான். ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். ஒருநாள் டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன சார் தொலைச்சீங்க? சொன்னா நானும் தேடுவேன்ல?"

"மலைக்குப் போறோங்க. ரிகர்சல்" என்றான் செல்வம்.

அவர் என் வயிற்றை நிதானமாகப் பார்த்தார். "இவருமா?"

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், கலாவைத் தவிர. செல்வத்தின் மனைவி. என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். சமையற்கட்டு வாசலில் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னாள்:

"மோட்டாரு போடாம ஒரு அடிகூட ஏறக்கூடாதுண்ணே. அவரு ஒத்துக்கிட்டதாலதான் மலைக்கு விடுறேன். நீங்கதான் பொறுப்பு."

உள்ளேயிருந்து அவன் கத்தினான். "பாத்தியா மச்சான்! என்னை பம்புசெட்டு ஆக்கிட்டா. சுவிட்ச உன் கையில குடுத்துட்டா!"

முதல் தடவை பச்சமலையில் ஏறியபோது பாதி வழியில் நின்றுவிட்டான். மூச்சு வாங்குகிறதோ என்று நான் பதறிப்போய்ப் பார்த்தால், சரிவில் இருந்த ஒரு கொல்லையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மச்சான்... இதுல தண்ணி கட்டுனா எங்கடா நிக்கும்?"

இறங்கும்போதும் அதே கவலைதான். நான் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு சாமி பெயர்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவனோ பின்னாலிருந்து, "இந்த மண்ணு நிலக்கடலைக்கு ஆகும்" என்பான்.

முந்தாநாள் ராத்திரி மலைமேல் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தோம். நடுவில் கரண்ட் போய்விட்டது. காலையில் பார்த்தால் ஒரு பேட்டரி ஃபுல், இன்னொன்று பாதி.

ஃபுல்லை எடுத்து என் சைக்கிளில் மாட்டினான்.

"மாப்ள, அது உனக்குடா. கலா கேட்டா நான் என்ன சொல்றது?"

"உன் உடம்ப இழுக்கப் பாதி பத்துமா? கலா கேட்டா, குண்டா இருக்கறது என் தப்பான்னு கேளு."

சிரித்தேன். ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மோட்டார் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. வாழ்க்கையில் முதல்முறையாக செல்வத்தை முந்தினேன். உச்சியில் உட்கார்ந்து செல்ஃபிகூட எடுத்தேன்... அதை இன்னும் அழிக்கவில்லை.

ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா மேலே வந்தார்.

"கூட வந்தவரா நீங்க? கீழ ஒருத்தரு சைக்கிளக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. கூப்பிட்டேன், பேசல."

பாறையில் சாய்ந்திருந்தான். ஹெல்மெட் வார் கழற்றப்படவில்லை. கண் திறந்திருந்தது. கைப்பிடியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சைக்கிளில் சார்ஜ் காட்டும் திரை அணைந்து இருட்டாகக் கிடந்தது.

வீட்டில் கலா அழுது முடித்த ஒரு இடைவெளியில் என்னைப் பார்த்தாள்.

"மோட்டாரு ஓடலியாண்ணே?"

"சார்ஜ் தீந்துபோச்சும்மா."

"உங்களுது?"

நான் துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

நேற்று முழுக்க, துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அந்த மலை ஊர் கரண்ட்டைத் திட்டினேன். அவர்களும் சேர்ந்து திட்டினார்கள். ஃபுல் பேட்டரி யாரிடம் இருந்தது என்று வேறு யாரும் கேட்கவில்லை.

ராத்திரி தூங்கவில்லை. பாதி சார்ஜில் எந்த வளைவு வரைக்கும் வந்திருப்பான், எங்கே தீர்ந்திருக்கும், எங்கிருந்து இறங்கித் தள்ளியிருப்பான் என்று மனசு அந்தப் பாதையிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மெதுவாப் போ மாப்ள. முந்தினதுக்கு மன்னிச்சுக்க.

...

இவ்வளவும் எழுதிவிட்டு போஸ்ட் போடப் போகும் நேரத்தில், இரண்டு சைக்கிளும் மலையிலிருந்து குட்டி யானை வண்டியில் வந்து இறங்கின. செல்வத்தின் சைக்கிளில் பட்டனை அழுத்திப் பார்த்தேன்.

திரை எரிந்தது. நேற்றுக் காலையில் அவன் மாட்டிக்கொண்ட பாதி சார்ஜ், குறையாமல் அப்படியே இருக்கிறது. மோட்டாரை அவன் போடவே இல்லை.