நோ என்றால் ஓம்

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுகந்தி போலந்துப் பாஷை பாடமாக்குகிறாள். அடுத்த மாதம் அங்கே காளான் பண்ணை வேலைக்குப் போகிறாள். போனில் ஒரு பெண்குரல் சொல்லச் சொல்ல இவளும் சொல்கிறாள். வணக்கத்துக்கு 'ஜென் டோப்ரி'. நன்றிக்கு 'ஜெங்குயே'. மன்னிப்புக் கேட்கிற 'ப்ஷெப்ராஷாம்' வரும்போது மட்டும் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம். அங்கே இருந்தபோது எனக்கும் அந்தச் சொல் பிடிபட ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிற்று. அதுவரை யாரையாவது இடித்துவிட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடப்பேன்.

நேற்று வேலியடியில் நின்று சொன்னேன். "பிள்ளை, எதைப் பிழையாச் சொன்னாலும் பரவாயில்லை. 'நோ' எண்டு மட்டும் சொல்லிப்போடாத."

"ஏன் அண்ணை? நோ எண்டா இல்லைதானே?"

"அங்க நோ எண்டா ஓம். இல்லை எண்டதுக்கு 'நியெ'."

அவள் சிரித்தாள். செல்வத்தைத் தெரியாவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

செல்வம் தர்மபுரத்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். நாங்கள் இருவரும் போலந்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டினோம். குளிரறையில் இரத்தமும் குளோரினும் கலந்த வாடை. இன்றைக்கும் கிணற்றுக்குக் குளோரின் போட்டால் எனக்கு அந்தக் குளிரறைதான் நினைவு வரும். செல்வத்துக்கு நினைவு வந்தது வேறு. கொக்கியில் தொங்கிய இறைச்சியைப் பார்த்தபடி ஒருநாள் சொன்னான்: "அண்ணே, ஷெல் விழுந்து எங்கப்பாவை அள்ளின அண்டைக்கும் இதே மணம்தான்." சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டத் தொடங்கினான். கடைசிச் சண்டைக்குள்ளிருந்து ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தவன் அவன்.

ஒரு சனிக்கிழமை, பகல் வேலை முடிந்து வந்தோம். தரையெல்லாம் பனி. அவனை பஸ் தரிப்பில் நிற்கவிட்டு, எதிரே பேக்கரியில் பாண் வாங்கப் போனேன். திரும்பி வாசலுக்கு வரும்போது, பியர்ப் போத்தலோடு மூன்று பேர் அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் சிரித்தபடி, "நோ, நோ" என்றான்.

அவர்கள் கேட்டது என்னவென்று பிறகு பொலிசில் மொழிபெயர்த்தவர்தான் சொன்னார். எங்கள் வேலையைப் பறிக்கவா வந்தாய்? ஓம், ஓம். அடி வேணுமா? ஓம், ஓம், ஓம்.

போத்தல் அவன் காதோடு சேர்ந்து உடைந்தது. விழுந்தவனின் முகத்தில் சப்பாத்துக் காலால் உதைத்தார்கள். தாடை நொறுங்கிய சத்தம் தெருவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஓடிப்போய் நடுவில் விழுந்தேன். எனக்கும் இரண்டு பல் போயிற்று. உதவி கேட்கிற சொல்லை மாதக்கணக்காய்ப் பாடமாக்கியிருந்தேன். வாயைத் திறந்தால் "ஐயோ அம்மா" மட்டும்தான் வந்தது.

அந்தச் சொல்லை, "போமோட்சி!" என்று கத்தினது பேக்கரிக்காரி. கை நிறைய மாவோடு ஓடி வந்து, பாண் தட்டால் ஒருவனின் மூக்கில் அறைந்தாள். அவன் இரத்தம் என் மேல் தெறித்தது. ஜன்னல்கள் திறந்தன, ஆட்கள் இறங்கி வந்தார்கள், மூவரும் ஓடினார்கள். பனியில் செல்வத்தின் இரத்தம் ஆவி விட்டது. வாய் நிறைய இரத்தத்தோடு அவன் இன்னும் "நோ... நோ..." என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

தாடையில் தகடு வைத்தார்கள். ஒரு காது கேட்காமல் போய்விட்டது. ஊருக்கு வந்து இப்போது தோட்டத்தில் கச்சான் கடலை பயிர் செய்கிறான். அந்தத் தொழிற்சாலையையும் மூடிவிட்டதாகக் கேள்வி.

முன்பெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் பிள்ளைகளின் பெயர்வரை கேட்டறிந்துதான் இறங்குவான் செல்வம். யாரென்று பார்க்காமல் கதை கொடுப்பான். போன கிழமை விசுவமடுச் சந்தையில் அவனைக் கண்டு நெருங்கும்போது, ஒரு வயதானவர் முந்திக்கொண்டு கேட்டார். "தம்பி, முல்லைத்தீவு பஸ் போயிட்டுதோ?"

செல்வம் பின்னால் நகர்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.