மாப்பிள்ளைக்கு மறைக்குது

பிப்ரவரி 3, செவ்வாய், காலை 7.40. இரண்டாம் அறுவை அரங்கு. எலும்பு மருத்துவர், வயது ஐம்பத்தாறு, கையாலேயே செய்து முடித்த பாதி முழங்கால் மாற்றங்கள் ஆயிரத்து நாற்பத்திரண்டு. அந்நேரம் அவர், மேசையில் இறுக்கிய பிளாஸ்டிக் முழங்காலின் மேல் மூக்கு படுமளவுக்குக் குனிந்திருந்தார். ரோபோ நின்றுவிட்டது.

"சார், தலை," என்றார் பயிற்சி தர வந்த பெண் பொறியாளர்.

"என் தலைக்கு என்னம்மா?"

"கேமராவ மறைக்குது."

முழங்காலில் தேய்ந்த பாதியை மட்டும் துருவி எடுத்து உலோகம் பதிப்பது இவர் தொழில். புதிய முறையில் துருவும் கருவியை ரோபோவின் கையும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். திட்டமிட்ட எல்லையைத் தாண்ட விடாது. எலும்பில் பொருத்திய பளபளப்பான குமிழ்களைக் கேமரா வழியே பார்த்துத்தான் அது இடமறிகிறது. குமிழ்கள் மறைந்தால் அக்கணமே நின்றுவிடும். இவரோ இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குனிந்தே பழகியவர். "எட்டிப் பாக்காம எப்படிம்மா செதுக்கறது?"

ரோபோவுக்கு அவர் இட்ட பெயர் மாப்பிள்ளை. "மூலையில நின்னுக்கிட்டு எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குது. திட்டவும் முடியல. வேற என்னன்னு கூப்பிடறது?" பயிற்சி மருத்துவர்களை 'டேய்' என்று விளிப்பவர், அதனிடம் மட்டும் "கொஞ்சம் நகருங்க மாப்பிள்ளை" என்பார். அதன் கைக்கு உறை மாட்டியதும் செவிலியர் அறிவிப்பார்: "மாப்பிள்ளைக்குச் சட்டை போட்டாச்சு சார்."

மனைவியின் கருத்தையும் அவரே அரங்கில் ஒப்பித்தார்: "மூடிய சரியா போடலன்னா மிக்ஸியும்தான் ஓடாது. அதுகிட்டயே இருபது வருஷமா தோத்துட்டு இருக்கீங்க, உங்களுக்கு ரோபோ வேறயா?"

நிர்வாகத்தின் கடிதம் அவர் சட்டைப்பையில் நான்காக மடிந்து கிடந்தது. மார்ச் முடிவதற்குள், இவர் தேறிவிட்டார் என்று பொறியாளர் கையொப்பமிட்டாக வேண்டும். இல்லையேல் முழங்கால் நோயாளிகள் அனைவரும் இளைய மருத்துவரிடம் போய்விடுவார்கள். இவருக்கு மாவுக்கட்டு அறை. நிபந்தனை ஒன்றே: ஓர் அறுவையில் மருத்துவரால் நேரும் நிறுத்தம் இரண்டுக்கு மேல் போகக்கூடாது.

பிளாஸ்டிக் முழங்கால்களில் நேர்ந்த நிறுத்தங்கள் முறையே பத்தொன்பது, பதினான்கு, பதினான்கு, எட்டு. இரண்டாவது பதினான்கு வந்த நாளில் அவர் மாப்பிள்ளையுடன் பேசவில்லை. வீட்டில் குனியாமல் பல் துலக்கவும், குனியாமல் சாப்பிடவும் பழகினார். அதற்கான சான்றுகள் மறுநாள் சட்டையில் இருந்தன.

மார்ச் 24, செவ்வாய். நோயாளி, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போயிருந்ததால் திரைக்கு அப்பால் விழித்தே கிடந்தார். பதினோராம் நிமிடத்தில் ஒரு நிறுத்தம், இருபத்து நான்காம் நிமிடத்தில் இன்னொன்று. இரண்டும் மருத்துவரின் தலையால்.

"என்ன டாக்டர், வண்டி நின்னு நின்னு போகுது?"

"பழைய டிரைவருங்க. புது வண்டி."

எஞ்சியது கால் எலும்பில் ஒரு நகத்தளவு. உயரம் அளக்க நிறுத்திய பிள்ளையைப் போல மருத்துவர் விறைத்து நின்றார். மூச்சைக்கூட மேல்நோக்கியே விட்டார். கருவி சுழன்றது. நின்றது.

செவிலியர் கண்களை மூடிக்கொண்டார். "போச்சு," என்றது ஒரு குரல்.

"நான் இல்லய்யா!" என்றார் மருத்துவர். அவர் தலை உண்மையிலேயே வெகுதூரத்தில் இருந்தது. கேமராவுக்கும் முழங்காலுக்கும் குறுக்கே நீலத் தொப்பி ஒன்று நீண்டிருந்தது. துருவிய எலும்பு அவ்வளவு வழவழப்பாக இருந்ததால், பொறியாளர் தம்மை மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் கருவியை எலும்பிலிருந்து விலக்கினார். பொறியாளருக்கு நன்றாகத் தெரியும்படி விளக்கைச் சற்றே திருப்பிவிட்டு, அரையடி ஒதுங்கி இடம் விட்டார்.

"நல்லா பாத்துக்கங்கம்மா. மாப்பிள்ளை காத்திருப்பாரு."

அன்றைய பதிவு: நிறுத்தங்கள், மூன்று. மருத்துவரால், இரண்டு.