எபிக்கு ஓர் இடது கைக் கித்தார்

போன வாரம் என் மகள் தனக்கென்று ஓர் எலெக்ட்ரிக் கித்தார் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். உடம்புக்கு ஆறு மரம், கழுத்துக்கு நாலு மரம், ட்யூனிங் கீக்கு மூன்று நிறம் என்று வரிசையாக வந்தன. "அப்பா, மஹோகனியா, ஆல்டரா?" என்றாள். கத்தரிக்காய் வாங்கக்கூட என்னை நம்பாத வீட்டில் இப்படி ஒரு கேள்வி வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் அவள் அடுத்த கட்டத்தைத் தொட்டிருந்தாள். வலது கைக்கா, இடது கைக்கா? விரல் பட்டதும் திரையில் இருந்த கித்தார் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

எங்களுக்கு அதைத் திருப்ப ஏழு மாதம் ஆயிற்று.

அது தொண்ணூற்றொன்று. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு தொழிற்சாலையில் நான் டிராஃப்ட்ஸ்மேன். இன்றைக்கு ஒரகடம் என்றால் ஊரே கம்பெனி பஸ்ஸாகத் தெரிகிறது. அன்றைக்கு அந்தப் பக்கம் ஏரியும் சவுக்கும்தான். எங்கள் தொழிற்சாலையில் வார்ப்படப் பகுதி ஒன்று, தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் தூசி படாத ஒரே அறையாக எங்கள் ட்ராயிங் ஆபீஸ். நான் அங்கே பென்சிலைச் சீவியபடி உலக இலக்கியத்துக்கு என்னால் ஆகக்கூடிய உதவியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். பிரஸ் ஷாப்காரர்களுக்கு என் பெயர் தெரியாது. எல்லோருக்கும் நான் 'ட்ராயிங்கு'தான்.

அந்தப் பெயரை வைத்தவன் எபநேசர், எங்களுக்கு எபி. பிரஸ் ஆபரேட்டர், என் வயதுதான். மணிமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவர்கள் ஊர்ச் சர்ச்சில் ஞாயிறுதோறும் கித்தார் வாசிப்பான். ஒருமுறை என்னை அழைத்துப்போனான். எனக்குச் சங்கீதம் கேட்கும், புரியாது. ஆனாலும் அவன் வாசிக்க ஆரம்பித்ததும் முன்வரிசையில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை மடியில் வைத்ததைப் பார்த்தேன். அது புரிந்தது.

மார்ச் மாதம் ஒரு காலை ஷிஃப்டில் பிரஸ் அவனுடைய இடது கை நடு விரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்கவேண்டும். ஒன்றைக் கம்பியால் கட்டி வைத்துவிட்டால் வேலை வேகமாக நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டி வைத்திருப்பதும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கையில் கட்டோடு திரும்பி வந்தவனை ஸ்டோர்ஸில் உட்காரவைத்தார்கள். டீ நேரத்தில் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியாதபோது நான் வானிலையைப் பற்றிப் பேசுவேன். அவனே நிறுத்தினான்.

"வெரலுக்கு அழுவல ட்ராயிங்கு. ஞாயித்துக்கெழம வந்தா இன்னா பண்றதுன்னு தான் தெர்ல."

கையை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவன் யோசனைதான். இடது கையில் மிஞ்சியிருந்த கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மீட்டும் தகட்டைப் பிடிக்கப் போதும். வலது கை தந்தியை அழுத்தப் பழகவேண்டும். பழகாத கைக்கு மெல்லிய தந்திதான் சரி, ஆகவே எலெக்ட்ரிக் கித்தார். மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் இடது கைக் கித்தார் இருக்கிறதா என்று கேட்டோம். கடைக்காரர் சிரிக்காமல் இருக்க முயன்றது இன்னும் நினைவிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். எங்களுக்குத் தெரிந்து வெளிநாட்டிலிருந்து வந்தது பிரஸ் மெஷின் மட்டும்தான்.

அப்போதுதான் கேசவன் அண்ணன் இந்த விஷயத்துக்குள் வந்தார். வார்ப்படத்துக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்பில் அவர்தான் எல்லாம். ஒரகடம் பக்கம் நிலம் உள்ள குடும்பம், நாற்பத்தைந்து வயது, மேல்பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வரஞ்சி குடுங்க தம்பி, செதுக்கிப்புடலாம்" என்றார். கித்தார் என்று ஒன்றை அவர் கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை.

மரம் பார்க்கப் படப்பையில் ஒரு மரவாடிக்குப் போனோம். மரவாடிக்காரர் கதவா, ஜன்னலா என்று கேட்டார். கித்தார் என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுவா இருந்தாலும் அளவு சொல்லுங்க" என்றார். கேசவன் அண்ணன் பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். எபி ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேட்டான். நான் பின்னால் குறிப்பேட்டோடு போனேன். வேம்பு வெடிக்கும். மாமரம் பெட்டிக்குத்தான் ஆகும். பூவரசு நன்றாக இருந்தது, அந்த அகலத்தில் கிடைக்கவில்லை. எனக்குத் தேக்கின்மேல் ஓர் ஆசை. அதைத் தூக்கி எபியின் தோளில் சாய்த்துப் பார்த்ததும் சிலுவை சுமப்பதுபோல இருக்கிறது என்று அவனே சொன்னான். கடைசியில் மூலையில் இருந்த ஒரு பலாப் பலகையில் காதை வைத்தவன் எடுக்கவேயில்லை. கேசவன் அண்ணன் அதன் மறுமுனையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார். லாரிக்காரர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். வீணைக்கும் அதுதானே என்று மரவாடிக்காரர் அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலச் சொன்னார்.

கழுத்துக்கு ஒரு பழைய வாசக்காலில் அறுத்த தேக்கு. விரல் பலகைக்கு ஈட்டி மரம். ட்யூனிங் கீயும் விரல் பலகையின் குறுக்கே பதிக்கும் பித்தளைக் கட்டைகளுக்கான கம்பியும் மவுண்ட் ரோட்டில் வாங்கினோம். தந்தியின் ஓசையைப் பிடிக்கும் பிக்கப்பை ஸ்ரீபெரும்புதூரில் மோட்டார் சுற்றும் கடைக்காரர் சுற்றிக் கொடுத்தார். அவர் சுற்றியதிலேயே தண்ணீர் இறைக்காத மோட்டார் அது ஒன்றுதான் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை டூல் ரூமில் இரும்பில் கடைந்தார்கள். அதற்கு ஆறு போல்ட் போடச் சொன்னது நான். அந்த வலுவுக்கு அதில் ஒரு மாட்டைக் கட்டியிருக்கலாம்.

வரைபடம் என் பொறுப்பு. இடது, வலது மாறிவிடுமோ என்ற பயத்தில் பத்துத் தடவை சரிபார்த்தேன். விரல் பலகையில் ஒவ்வொரு கட்டையும் எங்கே வரவேண்டும் என்று கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, இரண்டு தசமத்துக்குத் துல்லியமாக ஒரு பட்டியல் எழுதினேன். என் எழுத்தில் இன்றுவரை பிழையில்லாமல் அமைந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கேசவன் அண்ணன் அதைச் சுவரில் ஒட்டிவைத்துக் கட்டைகளுக்குக் குறி போட்டார். பிரிட்ஜை மட்டும் நானே என் ஸ்கேலால் அளந்து பொருத்தினேன்.

ஆயுத பூஜைக்குள் முடிந்துவிட்டது. பேட்டர்ன் ஷாப்பில் இழைப்புளிக்கும் ரம்பத்துக்கும் நடுவில் அதையும் சாத்திவைத்துக் குங்குமம் வைத்தார்கள். எபி அதைத் துடைக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனான்.

அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் அவன் பழகினான். வலது கை விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். முதலில் கீழே இருக்கும் கட்டைகளில் வாசித்தான், நன்றாகவே வந்தது. கை மேலே ஏற ஏற முகம் மாறும். "இன்னாவோ பிசகுது" என்பான். எனக்கு ஒரு பிசகும் கேட்காது. கேட்காதவனுக்கு உரிய தைரியத்தோடு நான் சொன்னேன், "கை பழகல எபி, அவ்ளோதான். வாசி." கேசவன் அண்ணனும் அதையே சொன்னார். அவன் மனைவி எஸ்தரும் பாஸ்டரும் அதையே சொன்னார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அவனைத் தேற்றினோம்.

கிறிஸ்மஸ் ஆராதனையில் வாசித்தான். நானும் கேசவன் அண்ணனும் கடைசி பெஞ்சில், இஸ்திரி போட்ட சட்டையில். பாட்டின் நடுவில் கை மேலே போயிற்று, இரண்டு சுரம் கேட்டது, நின்றுவிட்டான். மற்றவர்கள் பாடிக்கொண்டே போனார்கள். அவன் கித்தாரைச் சுவரில் மெதுவாகச் சாய்த்துவிட்டு அவர்களோடு சேர்ந்து பாட ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நீங்க செஞ்சத கொற சொல்ல முடியுமா? என் கை தான்" என்றான்.

மூன்று வருஷம் கழித்து ஒரு பீஸ் அளவு தவறி ரிஜெக்ட் ஆகி வந்தது. காரணம் தேடிப் பேட்டர்ன் ஷாப்புக்குப் போனேன். மேஜையில் என் ஸ்கேலும் கேசவன் அண்ணனின் ஸ்கேலும் தற்செயலாக ஒட்டிக் கிடந்தன. தொடக்கத்தில் கோடுகள் ஒன்றாக இருந்தன, போகப்போக விலகின. என்னுடையதில் நூற்றொன்று வரும் இடத்தில் அவருடையதில் நூறு. புதுமை ஒன்றுமில்லை. உருக்கிய இரும்பு ஆறும்போது சுருங்கும், அதற்காக மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்யவேண்டும், அதற்கென்றே நூற்றுக்கு ஒன்று கூட்டிக் கோடு போட்ட ஸ்கேல். டிப்ளமாவில் முதல் வருஷப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

"எல்லாத்துக்கும் இதானாண்ணே?" என்றேன்.

"வேற எது? என் வூட்டு வாசப்படியே இதுல அளந்தது தான். கதவு ஒரு நூல் பெருசா தான் கீது" என்று சிரித்தார். "எபி கித்தாருகூட இதுல தான்."

கட்டைகள் அவருடைய ஸ்கேலில், பிரிட்ஜ் என்னுடைய ஸ்கேலில். அடியில் தெரியாத வித்தியாசம் மேலே போகப்போகக் கூடும். மரம் சுருங்குவதற்காக யாரும் அதை உருக்கி ஊற்றவில்லையே. போல்ட்டைக் கழற்றிப் பிரிட்ஜை ஆறேழு மில்லி பின்னால் தள்ளியிருந்தால் போதும். டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எபியின் ஊருக்கு ஸ்பேனரோடு போனேன். எஸ்தர் மோர் கொடுத்தார். கித்தார் எங்கே என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முந்தைய கிறிஸ்மஸ் நாடகத்துக்குத் தாவீது ராஜாவின் சுரமண்டலம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்களாம், சும்மாதானே கிடக்கிறது என்று கொடுத்துவிட்டானாம். சர்ச்சின் பின்னறையில் போய்ப் பார்த்தேன். கழுத்தைப் பாதியில் அறுத்து, பலா உடம்பில் தங்க நிறப் பெயிண்ட் அடித்து, சுற்றிலும் ஆணி அறைந்து நூல் கட்டியிருந்தார்கள்.

சொல்லாமல் திரும்பியிருக்கலாம். சொன்னேன். ஸ்கேல் கதை முழுவதையும், பட்டியல் உட்பட. முடிந்ததும் எபி இரண்டு விரல் இல்லாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்போ பிசகுனது நெசம்."

"நெசம்."

"வெரலோட காதும் பூட்ச்சின்னு நெனச்சிகினு இருந்தேன் ட்ராயிங்கு. மூணு வருசமா. பாட்டு எது கேட்டாலும் இது சரியா, தப்பான்னு எனக்கே நம்பிக்க இல்ல."

என்னிடம் வானிலைகூட இல்லை. வேறொன்று செய்யலாம், மரம் பார்க்கலாம் என்றேன். அவன் வலது கை விரல்களை விரித்துப் பார்த்தான். உரிந்த தோலெல்லாம் ஆறி வழவழப்பாகியிருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் கேட்டான்.

"கேசவண்ணனுக்கு தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத. அந்தப் பலகையில எவ்ளோ நாள் குனிஞ்சிகினு இருந்தாரு."

அவன் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. சர்க்கரை, பிறகு கிட்னி. சாலையை அகலப்படுத்த அந்தச் சர்ச் இருந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள், புதியது உள்ளே தள்ளி இருக்கிறது. பேட்டர்ன் ஷாப் இருந்த இடத்தில் கன்டெய்னர்கள் நிற்கின்றன. கேசவன் அண்ணன் மட்டும் வெகுகாலம் இருந்தார். எபி உயிரோடு இருந்த நாளில், பார்க்கப் போகும்போதெல்லாம், அளவில் ஒரு நூல் பெரிதான அந்த வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார். எபியின் சாவுக்கு அவரே வந்திருந்தார். கடைசி இரண்டு வருஷம் அது அவருக்கு மறந்துவிட்டது. கேள்வி மறக்கவில்லை.

"எபி அந்த கித்தார வாசிக்கிறானா தம்பி?"

"வாசிக்கிறான்ணே."

"பலா. நாளாவ நாளாவ தான் பேசும்."

போன ஐப்பசியில் அவரும் போய்விட்டார். கேட்க ஒருவர் இருந்தவரை எபி வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.