நாலரைக்குள் வாங்கிவிட நினைத்த ட்ரெய்லர்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு இருபத்திரண்டுக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்கு என் கணவர்தான் காரணம். நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் ட்ரெய்லர் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி ஓரடியாவது நகர வேண்டும் என்று கைபேசியும் கையுமாக நின்றார். "இன்னும் எட்டு நிமிசம்தான் இருக்கு" என்று அவர் சொன்னபோது நான் ட்ரெய்லருக்குள் நின்று, தளப்பலகையைக் குதிக்காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது வழக்கமான கேரவன் இல்லை. முன்பாதியில் இரண்டு படுக்கையும் அடுப்பும். பின்பாதி மோட்டார் சைக்கிள் நிறுத்த வெறும் தளம். பின்சுவரை அப்படியே கீழே இறக்கினால் பைக்கை உருட்டி ஏற்றலாம். எங்கள் கைக்கு எட்டியது இந்தப் பழையது ஒன்றுதான்.

மகளுக்குப் பதினேழு வயது. மண்பாதையில் பைக் ஓட்டப் போட்டிகளுக்குப் போகிறாள். போன மாதம் போட்டி முடிந்து சிநேகிதனின் யூட்டில், பின்தட்டு திறந்த அந்தச் சின்ன வண்டியில், திரும்பி வரும்போது, ஓட்டியவன் கண்ணயர்ந்து வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கே பிரேக் சத்தம் கேட்டாலும் சன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். பைக்கை விடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னாலும் கேட்கமாட்டாள். போட்டி முடிந்தால் அங்கேயே படுத்து, காலையில் எங்களோடு வரட்டும் என்று முடிவெடுத்தேன். அவளோ, "அம்மா அப்பாவோட கேரவன்ல போய் இறங்கினா எல்லாரும் சிரிப்பாங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ட்ரெய்லர் நின்றது பென்ரோஸ் என்ற தொழிற்பேட்டைப் பகுதியில், கிடங்குகளுக்குப் பின்னால் சரிவான ஒரு முற்றத்தில். விற்றவர் சென்னைக்காரர். அவரும் கணவருமாக ட்ரெய்லரை எங்கள் காரில் அவசர அவசரமாகக் கொளுவினார்கள். கழன்றால் பிடித்துக்கொள்ளும் சங்கிலியை மாட்டவில்லை. சில்லுகளுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, பின்னால் இருந்த கட்டைகளை எடுத்தார்கள். கார் முன்னால் போனது. ட்ரெய்லர் பின்னால் போனது.

கத்தக்கூட நேரமில்லை. பின்மூலை ஓர் இரும்புத் தூணில் மோதி நின்றது. நான் தளத்தில் முழங்காலில் கிடந்தேன். கதவைத் திறந்தபோது கணவரின் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. எலுமிச்சம்பழங்கள் நசியாமல் அப்படியே கிடந்தன.

"நல்லாப் பூட்டிச்சுதோ எண்டு பாத்தனீங்களோ?" என்று கணவர் விற்றவரைக் கேட்டார்.

"பார்க்க எங்க சார் விட்டீங்க? டேலைட் சேவிங்னு கடிகாரத்தையே ஒரு மணி நேரம் தள்ளி வெச்சிருக்காங்க, இதுல ராகுகாலம் எப்ப ஆரம்பிக்குதுன்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? அதுக்குப் போய் இவ்வளவு அவசரம்."

மோதிய மூலையில் தகடு பிரிந்து, உள்ளே மரச்சட்டம் கறுத்திருந்தது. விரலால் தொட்டேன். ஈரக் கேக் மாதிரி உதிர்ந்தது.

"இது இண்டைக்கு வந்த பழுதில்லை" என்றேன்.

விற்றவர் குனிந்து பார்த்தார். "சத்தியமா எனக்கே தெரியாது மேடம்."

"வேண்டாமப்பா. சகுனமே சரியில்லை, வாரும் போவம்" என்றார் கணவர்.

"இஞ்சருங்கோ, ஆறு மணி வரைக்கும் ராகுகாலம்தானே? அதுவரைக்கும் காசு குடுக்க மாட்டீங்கள். நான் ஆறு மணிவரை இதைப் பாக்கப்போறன்."

முதலில் எட்டு நிமிடத்தில் வாங்கவிருந்ததை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். சில்லுகளுக்குக் கட்டை வைக்கச் சொல்லி, உராய்ந்த முழங்காலில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு அடியில் படுத்தேன். இரும்புச் சட்டத்தில் மேல்துரு மட்டும்தான். ஸ்குரூடிரைவரால் குத்தினால் கணீர் என்றது. படுக்கைக்கு மேலே, சன்னலோரம், தளம் எல்லாம் அழுத்திப் பார்த்தேன். உக்கல் அந்த ஒரு மூலையோடு நின்றிருந்தது.

"மரவேலைத் தொழிற்சாலையில இவ்வளவு வருசமா என்ன செய்யிறீங்கள்? ஒரு மூலைச் சட்டம் மாத்த ஏலாதோ?" என்று கணவரைக் கேட்டேன்.

கணவர் மூலைக்குப் பக்கத்தில் குந்தினார். பிறகு அளவுநாடாவை எடுத்தார். அவர் ஓம் சொல்லும் விதம் அதுதான்.

விற்றவர் விலையைக் குறைத்தார். "உங்க மேடம் கூட இன்னும் அரை மணி நேரம் இருந்தா சும்மாவே குடுத்துடுவேன் சார்" என்றார். ஆறு தாண்டியதும் கணவர் காசை அனுப்பினார்.

த்ரீ கிங்ஸ் பகுதியில் கடை வேலை முடிந்து மகள் வந்தது அதன் பிறகுதான். அப்பா எல்லாவற்றையும் போனில் சொல்லியிருக்க வேண்டும். பிரிந்த தகட்டைப் பார்த்தாள். என் முழங்காலைப் பார்த்தாள்.

"நீங்க உள்ளுக்கா நிண்டனீங்க?"

"ஓம்."

ட்ரெய்லரின் முன்பக்கம் போனாள். காரை மெல்லப் பின்னெடுக்கச் சொல்லி, கொளுவியை இறக்கிப் பூட்டினாள். பூட்டியதை மேலே இழுத்துப் பார்த்தாள். சங்கிலியை மாட்டி, அதையும் இழுத்துப் பார்த்தாள். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இனி இதை நான்தான் கொளுவுவன். அப்பாவைத் தொட விடாதீங்க. சனிக்கிழமை போட்டிக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?"