பன்றிக்கு வேலி, மயிலுக்கு வாசல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்று இன்றும் தெரியாது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் காரியத்தன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்தேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். அன்று வாயில் வராததை இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் மீசை முளைக்கும் முன்பே திருப்பூருக்குப் பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் டெய்லரானார். என்னையும் அங்கே சேர்த்துவிட்டு, தனக்குக் கல்யாணமான பிறகும் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்டார். கோபத்தில் ஒருநாளும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர் இல்லை. ஊரில் சும்மா கிடந்த எங்கள் நிலத்தில் கடலை போட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

கம்பெனி மூடியதும் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளை, நான் எல்லோரும் ஊருக்குக் கிளம்பி வந்தோம். அண்ணி திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார்.

"ஒரு வெள்ளாமைதான் பாப்பேன். கடலை வீடு வந்து சேந்தா இருப்பேன். இல்லைன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

கொண்டுவந்த பெரிய பெட்டியை அவர் திறக்கவே இல்லை.

எங்களுக்கு முன்பே அந்த இடத்தில் பலர் குடியிருந்தார்கள். ஓட்டுக்கு மேலே மரநாய். மோட்டார் கொட்டகையில் சாரைப் பாம்பு. முந்திரித் தோப்பில் நரி, முயல், கீரி. முதல்நாள் அண்ணி சமைக்கப் போனபோது அரிசி டிரம்முக்குப் பின்னால் ஓர் உடும்பு படுத்திருந்தது.

"விடு, அது பாட்டுக்கு எலி புடிச்சுக்கிட்டுக் கெடக்கு," என்றார் அண்ணன்.

"அப்ப அதையே ஒலை வைக்கச் சொல்லுங்க," என்று அண்ணி கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்று மூன்று வேளையும் கடை இட்லிதான்.

கடலை முளைத்ததும் மயில்கள் வந்தன. முருகன் வாகனத்தை அண்ணன் கல்லால் அடிக்க மாட்டார், அதட்டவும் மாட்டார். வரப்பில் நின்று கும்பிட்டு, "சாமி, அங்கிட்டுப் போயி மேயுங்க. இங்கிட்டு வேணாங்க," என்பார்.

"என்னைய ஒருநாளு வாங்க போங்கன்னு கூப்புட்டிருக்காரா கேளுங்க, தம்பி," என்பார் அண்ணி.

காட்டுப்பன்றி தொல்லைக்கு எங்கள் பக்கத்தில் வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது வழக்கம். சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய் அண்ணன் சேலை கேட்டு வாங்கி வந்தார். மற்றவர்கள் கம்பில் சுற்றிவிட்டுப் போவார்கள். அண்ணன் டெய்லர் ஆயிற்றே. ஒன்றோடு ஒன்று சேர்த்து, ஓரம் மடித்து, கலர் பொருத்தம் பார்த்துத் தைத்தார். பக்கத்து வயல்காரர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, மாப்ள. ஜாக்கெட்டு எப்பத் தைப்பீங்க?" என்று கேட்டார்.

எங்கள் சித்தி விருந்துக்கு வந்த அன்று வேலியோடு நடந்துபோனவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அண்ணிக்கு அவர் எடுத்துக் கொடுத்த சேலை, மடிப்புக்கூடக் கலையாமல் அங்கே தொங்கியது.

"ஏன்டா, நான் எடுத்துக் குடுத்தது பன்னிக்கா?"

அண்ணன் அசரவில்லை. "சித்தி, மத்த சேலைக்கெல்லாம் பயப்படாத பன்னி, ஒங்க சேலையப் பாத்துத்தான் திரும்பி ஓடுச்சு."

சித்தி அடுத்த வாரமே இன்னும் இரண்டு சேலை கொடுத்தனுப்பினார்.

இவ்வளவும் செய்த அண்ணன், மேற்கு மூலையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார். முருகன் வாகனத்தை அடியோடு மறிக்கக் கூடாதாம். மயில் வந்துபோக வாசல். அறுவடை நெருங்கிய சமயத்தில் ஒருநாள் காலை போய்ப் பார்த்தால், அந்த வாசல் வழியாகப் பன்றிகள் குடும்பத்தோடு வந்து அந்த மூலையையே உழுது போட்டிருந்தன. அண்ணன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி பெட்டியோடு கிளம்பப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அண்ணி வீட்டுக்குள் போனார். பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த ஊதாச் சேலையை எடுத்துவந்து வாசலை அடைத்துக் கட்டினார்.

"மயிலுக்கு ரெக்கை இருக்கு. அதுக்கு எதுக்கு வாசலு?"

அண்ணனுக்கும் எனக்கும் அதுவரை அது தோன்றவில்லை.

மிச்சக் கடலை வீடு வந்து சேர்ந்தது. அண்ணி இருந்தார். அதன் பிறகு வருஷா வருஷம், "இந்த ஒரு வெள்ளாமை முடியட்டும், பாப்போம்," என்பார். அண்ணனும் சரி என்பார். உடும்பு டிரம்மை விட்டுப் போகவில்லை. அண்ணி கட்டிலில் ஏறுவதை விட்டுவிட்டார்.

போன தை மாதம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆலங்குடியில் பார்த்துவிட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாசல்ல சேலை நைஞ்சு போச்சுடா. மாத்திரு," என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணியின் அண்ணன் திருப்பூரிலிருந்து வேனில் வந்து, பிறந்த வீட்டு முறைப்படி கோடிச் சேலை போட்டார். "இனிமே இந்தக் காட்டுல ஒனக்கு என்னம்மா இருக்கு? வேன்ல எடம் இருக்கு, வா," என்றார்.

"கடலை பூத்திருக்குண்ணே. இந்த ஒரு வெள்ளாமை முடியட்டும்," என்றார் அண்ணி.

மறுநாள் காலை அந்தக் கோடிச் சேலையை எடுத்துப்போய் மேற்கு மூலையில் கட்டினார்.

சித்தி பதறிப்போய், "கோடிச் சேலைய யாராச்சும் பன்னிக்குக் கட்டுவாகளாடி?" என்று கேட்டார்.

"பன்னிக்கு இல்லத்தை. அவரு மாத்தச் சொன்னாரு."

சித்திரையில் அண்ணியைக் கூட்டிப்போக வேன் மறுபடியும் வந்தது. ஒரு மூட்டை கடலையை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது.

அண்ணனைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், சேலை கொடுத்த எல்லோருக்கும் எங்கள் கும்பிடு. திவசத்துக்கு வரும்போது பழைய சேலை இருந்தால் கொண்டுவாருங்கள். நூல் சேலை மழைக்குத் தாங்காது, நைலக்ஸ் நல்லது. வந்த இடத்தில் அவரவர் சேலையைத் தேட வேண்டாம். நேற்று மறுபடியும் கடலை போட்டோம். முதல் விதையை அண்ணி ஊன்றினார்.

மார்கழி 9, கடலை விதைத்த மறுநாள்.