சித்திரக்காரிக்கு ஏற்றிய மெழுகுதிரி

பிள்ளைகளே, உங்கள் அப்பாவாகிய நான் இத்தாலியில், பலெர்மோவில், எட்டு மாதமாக ஒரு ஜெர்மன்காரியிடம் மன்றாடினேன். அவள் செத்து நூறு வருடமாகியிருந்தது. அது எனக்குத் தெரியாது.

லிபெர்த்தா வீதியில் ஒரு சின்யோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில் எனக்குத் துப்புரவு வேலை. நடையில் ஒரு பெண்ணின் படம் தொங்கியது. கையில் ஒரு தட்டு, அதில் வெள்ளையும் கறுப்புமாக இரண்டு பொட்டு. மன்னார்க் கத்தோலிக்கக் கோயிலில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? கண்களைத் தட்டில் ஏந்தி நிற்கும் அர்ச்சியசிஷ்டவள், அந்தப் புனிதை என்றே நம்பினேன். தூசி தட்டும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வேன்.

மன்றாட்டு ஒன்றுதான். நான் அவரிடம் வேலை செய்கிறேன் என்று சின்யோரா ஒரு கடதாசியில் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் குவெஸ்தூரா என்ற பொலிஸ் குடிவரவுக் கந்தோரில் உங்கள் அம்மாவையும் உங்களையும் கூப்பிடக் கேட்க முடியாது. சின்யோரா "நாளைக்கு" என்பார். கடதாசி என் சட்டைப்பையில் மடிந்து மடிந்து துணியாகிவிட்டது.

டிசம்பரில் அந்தப் புனிதையின் திருநாள். படத்தின் கீழே மெழுகுதிரி ஏற்றினேன். அன்று பார்த்து விருந்தாளிகள் வந்தார்கள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இவ புனிதை இல்லையப்பா, படம் கீறுறவ. அது வண்ணம் குழைக்கிற பலகை," என்றார் சின்யோரா.

பிறகு அவளுடைய கதையைச் சொன்னார். ஜெர்மனியில் ஓவியக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்கவில்லை. தனியாகப் படிக்கத் தகப்பனின் சம்மதக் கடிதம் வேண்டியிருந்தது; அவர் அதை எழுதாமல் இழுத்தடித்தார். ஒருவழியாகப் படித்து, இங்கே வந்து எலுமிச்சைத் தோட்டங்களை வரைந்தாள். கட்டிக்கொண்ட புருஷன் அந்தப் படங்களில் தன் பெயரை எழுதி விற்றான். அவன் செத்த பிறகு தன்னையே வரைந்து, அதில்தான் முதன்முதலாகத் தன் பெயரை இட்டாள்.

சின்யோரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு கையெழுத்து. அதைப் போட அந்தத் தகப்பனுக்கு என்ன கஷ்டம்?"

கோப்பித் தட்டோடு நின்ற எனக்கும் அவள்மேல் இரக்கமாக இருந்தது. "எவ்வளவு காலம் இழுத்தவர், சின்யோரா?"

"இரண்டு வருஷம். கல் நெஞ்சன்."

"அப்ப நீங்கள் எவ்வளவோ நல்லவ. எனக்கு எட்டு மாதம்தானே."

மனதாரத்தான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் இருமிவிட்டுப் பேனாவை எடுத்து நீட்டினார். சின்யோரா என் கடதாசியை வாங்கி, கோப்பித் தட்டின்மேல் வைத்தே கையெழுத்திட்டார்.

அல்பெர்கேரியாப் பகுதியில் என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்துத் தம்பியிடம் சொன்னேன். "ஓம் அண்ணை, ஜெர்மன்காரி எல்லோ. உங்கட மன்றாட்டைப் பதிஞ்சு வைச்சு, வரிசைப்படி செய்து தந்திருக்கிறா," என்றான்.

மறுநாளும் தூசி தட்டும்போது சிலுவை போட்டேன். சின்யோரா பார்த்தார். மெழுகுதிரிக்கு அடியில் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.